விரல் மாட்டுகிறதா? ஸ்பிளின்ட் போட்டும் சரிவராதபோது எதைப் பார்ப்பது

மடக்கிய விரல் நிமிராமல் மாட்டிக்கொள்ளும் ட்ரிகர் ஃபிங்கருக்கு, விரலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு வாரத்தில் "இது எனக்கு ஒத்துவரல" என்று கழற்றி அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள் பினாங்கில் நம்மவர்களிடையே நிறையப் பேர். அவர்கள் கையை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிவது ஒன்றுதான்: ஸ்பிளின்ட் பிடிக்க வேண்டிய மூட்டைப் பிடிக்கவில்லை, அல்லது போட வேண்டிய நேரத்தில் அது கையில் இல்லை. இரண்டுமே திருத்தக்கூடியவை. நான் ஜார்ஜ்டவுனில் கை நோயாளிகளைப் பார்க்கும் சிகிச்சையாளர். மலாயில் ஜுருபுலிஹ் சாரா கெர்ஜா என்பார்களே, அந்த வேலை. ஸ்டீராய்டு ஊசி போடுவதற்கு முன் ஸ்பிளின்டுக்கு ஒரு நியாயமான வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அந்த வாய்ப்பைக் கொடுத்தும் பலிக்கவில்லை என்றால் தயங்காமல் அடுத்த சிகிச்சைக்குப் போய்விட வேண்டும். அதையும் எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு என்ன தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

விரலை மடக்கும் தசைநாண் உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை ஓர் உறைக்குள் ஓடுகிறது. அந்த உறையை எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்கச் சிறு சிறு வளையங்கள் உண்டு. முதல் வளையம் விரலின் அடி மூட்டுக்கு நேராக, உள்ளங்கைப் பக்கம் இருக்கிறது. அது தடித்து, உள்ளே ஓடும் தசைநாணும் வீங்கி உருண்டுவிட்டால், ஊசிக் காதில் முடிச்சு விழுந்த நூல் கதைதான். மடக்கும்போது அந்த உருண்டை வளையத்தைத் தாண்டிப் போய்விடும். நிமிர்த்தும்போது திரும்பி வர மறுக்கும். வலிந்து இழுத்தால் 'டக்' என்று விடும்.

ஸ்பிளின்டின் வேலை விரலை நேராக்குவது இல்லை. விரல் முழுதாக மடங்கி, அந்த உருண்டை வளையத்துக்குள் போய்ப் போய் உராயாமல் தடுப்பதுதான் அதன் வேலை. உராய்வு குறைந்தால் வீக்கம் மெல்ல வடியும். மெல்ல என்றால் வாரக்கணக்கு. நாள் கணக்கில் எதிர்பார்க்கக் கூடாது.

முதல் சோதனை: இது ட்ரிகர் ஃபிங்கர்தானா?

கைரேகை பார்ப்பவர்கள் இருதய ரேகை என்று சொல்லும் கோடு இருக்கிறதே, சுண்டு விரல் பக்கமிருந்து உள்ளங்கையின் மேல்பகுதியில் ஓடுவது, அதன் மேல் பெருவிரலை வைத்து, தொல்லை தரும் விரலுக்கு நேராக அழுத்துங்கள். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றுக்கும் அந்த இடம். ஆள்காட்டி விரலுக்கு அதற்குக் கீழே உள்ள புத்தி ரேகையின் தொடக்கத்தில் பாருங்கள். கட்டை விரலுக்கு அதன் அடி மடிப்பில். அழுத்தினால் வலிக்கிறதா? அழுத்தியபடியே விரலை மெல்ல மடக்கி நிமிர்த்தினால் ஒரு சிறு உருண்டை விரலடியில் நகர்வது தெரிகிறதா? அப்படியானால் அநேகமாக இதுதான். 1850இல் நோத்தா என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்தது இந்த உருண்டையைப் பற்றித்தான்.

கீழே உள்ளவை ட்ரிகர் ஃபிங்கர் இல்லை. இவற்றுக்கு இங்கே சொல்லும் ஸ்பிளின்ட் உதவாது. விரல் நுனி மட்டும் தொங்கிப்போய், நீங்களாக நிமிர்த்த முடியவில்லை என்றால் அது நுனியின் பின்பக்கத் தசைநாண் அறுந்ததாக இருக்கலாம். வலியும் இல்லை, 'டக்' சத்தமும் இல்லை, உள்ளங்கையில் ஒரு கயிறு புடைத்து விரலை இழுத்துக்கொண்டே போகிறது என்றால் அது வேறு நோய். இரவில் கட்டை விரலிலிருந்து நடுவிரல்வரை மரத்துப்போய்க் கையை உதற வேண்டியிருந்தால் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறது. இது ட்ரிகர் ஃபிங்கரோடு சேர்ந்தே வருவதும் உண்டு, ஆகவே மருத்துவரிடம் இரண்டையும் சொல்லுங்கள். குழந்தையின் கட்டை விரல் மடங்கியபடியே இருந்தால் பெரியவர்களுக்குச் சொல்வதைக் குழந்தைக்குச் செய்யாமல், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றுக்கு நாள் கடத்தவே கூடாது. விரல் முழுவதும் வீங்கி, சற்று மடங்கிய நிலையிலேயே நின்று, உள்பக்கம் நெடுகத் தொட்டாலே வலித்து, நேராக்கப் பார்த்தால் உயிர் போகிறது என்றால் உறைக்குள் கிருமி புகுந்திருக்கிறது. மீன் முள் குத்தியது, ரோஜா முள் குத்தியது, இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர் விரலில் சிறு கீறல் என்று சாதாரணமாகத்தான் தொடங்கும். அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஸ்பிளின்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஸ்பிளின்ட் போட்டும் விரல் அப்படியே மாட்டுகிறது

அதிகம் கேட்கும் புகார் இது. காரணமும் பெரும்பாலும் ஒன்றே.

அடி மூட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால், விரல்கள் பிரியும் இடத்தில் உள்ள மடிப்பைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அது அடி மூட்டு இல்லை. கையை முஷ்டியாக்கிப் புறங்கையைப் பாருங்கள். மேடாக நிற்கும் அந்த மொட்டுதான் அடி மூட்டு. இப்போது கையைத் திருப்பினால், அந்த மூட்டு விரல் பிரியும் மடிப்புக்குக் கீழே, உள்ளங்கைக்குள், ரேகை ஓடும் இடத்தில் இருப்பது தெரியும். ஆகவே விரலில் மட்டும் மோதிரம்போல ஏறி, விரலடி மடிப்போடு நின்றுவிடும் ஸ்பிளின்ட் அடி மூட்டைப் பிடிக்கவே முடியாது. அடி மூட்டைப் பிடிக்க வேண்டுமானால் ஸ்பிளின்டின் ஒரு பகுதி உள்ளங்கை ரேகையைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

லிட்டில் இந்தியா பக்கம் பூக்கட்டும் ஓர் அக்கா இப்படித்தான் வந்தார். மோதிர விரலில் ஃபார்மசியில் வாங்கிய அலுமினியப் பட்டை, நுனியிலிருந்து விரலடிவரை விறைப்பாக, மேலே வெள்ளை டேப். நடு மூட்டு அசையவில்லை, நுனி அசையவில்லை. அடி மூட்டு மட்டும் தாராளமாக மடங்கிக்கொண்டிருந்தது. பூ கட்டும்போது நூலை இழுத்துப் பிடிப்பது அந்த விரல்தான் என்பதால் இன்னும் அழுத்தம்.

"தங்கச்சி, ஒரு மாசமா போட்டிருக்கேன். எடுத்தா கட்டை மாதிரி நிக்குது, மடக்குனா திரும்ப மாட்டுது" என்றார்.

"அக்கா, இது விரல் எலும்பு முறிஞ்சவங்களுக்குப் போடறது. உங்களுக்குப் பிடிக்க வேண்டிய இடம் இங்க" என்று ரேகையின் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளியை மூடும்படி, சுடுநீரில் இளகும் தெர்மோபிளாஸ்டிக்கில் ஒரு சிறு ஸ்பிளின்ட் செய்து போட்டதும், அங்கேயே ஒரு நூலை எடுத்து முடிச்சுப் போட்டுப் பார்த்தார். நடு மூட்டும் நுனி மூட்டும் சுதந்திரமாக மடங்கியதால் வேலை ஓடியது.

உங்கள் ஸ்பிளின்டை வீட்டிலேயே இப்படிச் சோதிக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு மெல்ல முஷ்டி பிடியுங்கள். நடு மூட்டும் நுனியும் மடங்கி, விரல் நுனி உள்ளங்கையின் மேல்பகுதியை நோக்கி வர வேண்டும். அடி மூட்டு நேராகவோ, 10 முதல் 15 டிகிரி அளவு லேசாக மடங்கியோ நிற்க வேண்டும். அதற்கு மேல் மடங்கினால் பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிளின்ட் நீளம் போதவில்லை. நடு மூட்டு மடங்காமல் விளிம்பில் இடித்தால் மேல் விளிம்பு நீண்டிருக்கிறது, அதைக் குறைக்க வேண்டும். கீழ் விளிம்பு மணிக்கட்டு மடிப்பில் குத்தக் கூடாது. விரலைச் சுற்றி ஸ்பிளின்ட் உருண்டு திரும்பிக்கொண்டே இருந்தால் அது உங்கள் அளவு இல்லை.

இன்னொரு வகை உண்டு. நடு மூட்டில் எட்டு வடிவ வளையமாக ஏறி, அந்த மூட்டை மடங்கவிடாமல் நிறுத்துவது. இதுவும் நன்றாகவே பலிக்கிறது, ஏனென்றால் நடு மூட்டு மடங்காவிட்டால் முழு முஷ்டி விழாது, தசைநாணின் ஓட்டமும் குறையும். சிறியது, வியர்க்காது, கையலம்பத் தடையில்லை. வளையம் போட்டால் உள்ளங்கை காலியாக இருக்கும் என்பதால் கடையில் நாள் முழுக்கக் கை நனைப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். கட்டை விரலுக்கும் அதன் மேல் மூட்டில் போடும் சிறு வளையம் பலருக்கு வசதி. ஆக, அடி மூட்டைப் பிடிப்பதும் சரி, நடு மூட்டைப் பிடிப்பதும் சரி. மூன்று மூட்டையும் சேர்த்து இரவும் பகலும் விறைக்க வைப்பதுதான் தவறு.

பகலில் பரவாயில்லை, காலையில் எழுந்தால் பூட்டிக்கிடக்கிறது

தூக்கத்தில் நாம் எல்லோரும் விரலை மடக்கிக்கொள்கிறோம். மணிக்கணக்கில் மடங்கியே கிடப்பதாலும் இரவில் நீர் கோத்துக்கொள்வதாலும் விடியற்காலையில் மாட்டுவது அதிகம். இது மட்டும்தான் உங்கள் தொல்லை என்றால், இரவு ஸ்பிளின்ட் ஒன்றே போதுமாக இருக்கலாம். படுக்கும்போது போட்டு, எழுந்து கை கால் அலம்பும்போது கழற்றினால் போதும். இரவுக்கு மட்டும் விரல் முழுவதையும் நேராகத் தாங்கும் மெத்தென்ற ஸ்பிளின்ட் இருந்தாலும் குற்றமில்லை, பகலில் விரல் நன்றாக அசைகிறதே.

போட்டுக்கொண்டு படுத்தும் காலையில் மாட்டினால், தூக்கத்தில் அதைக் கழற்றிவிடுகிறீர்களா என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். வெல்க்ரோ பட்டையை இறுக்கினால் இது தீராது. ஒரு மெல்லிய பருத்திக் காலுறையின் நுனியை வெட்டி, ஸ்பிளின்டின் மேல் கையுறைபோல மாட்டிக்கொண்டால் கழன்று போகாது.

மாட்டிய விரலை எப்படி விடுவிப்பது? மற்றக் கையால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஒவ்வொரு 'டக்'கும் வளையத்துக்குள் இன்னொரு உராய்வு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் கையை வைத்து, தண்ணீருக்குள்ளேயே முதலில் விரலை இன்னும் கொஞ்சம் மடக்குங்கள். பிறகு மற்றக் கையால் அடி மூட்டைத் தாங்கியபடி மெல்ல நிமிர்த்துங்கள். இனிப்புநீரால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள் தண்ணீரின் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு முயன்றும் விரல் நிமிரவே இல்லை, நாள் முழுக்க மடங்கியே நிற்கிறது என்றால் அது ஸ்பிளின்டால் தீரும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. மருத்துவரைப் பாருங்கள்.

போட்டால் வேலை ஓடவில்லை, எடுத்தால் மாட்டுகிறது

இதைச் சொல்பவர்களிடம் நான் கோபப்பட்டதே இல்லை. ரொட்டி சானாய் மாவு அடிப்பவர் ஸ்பிளின்டோடு மாவு அடிக்க முடியாது. நாசி கண்டார் கடையில் காலை முதல் மாலைவரை கரண்டி பிடிப்பவர், முடி திருத்துபவர், தையல் கத்தரி பிடிப்பவர், எல்லோருக்கும் பிழைப்பு அந்தக் கையில்தான். "முழுநேரமும் போடுங்கள்" என்று சொல்லிவிட்டால் அவர்கள் ஒருநேரமும் போடாமல் விட்டுவிடுவார்கள்.

ஆகவே நான் கேட்கும் கேள்வி வேறு: எந்த வேலையில் கை இறுக்கிப் பிடிக்கிறது, எதில் சும்மா அசைகிறது? துணி பிழிவது, தேங்காய் துருவுவது, மீன் வெட்டும் கத்தியைப் பிடிப்பது, வாளி தூக்குவது, பிளாஸ்டிக் பை நாலைந்தை விரலில் மாட்டிக்கொண்டு பாசாரிலிருந்து நடப்பது, இவைதான் வளையத்தில் அழுத்தம் ஏற்றுகிறவை. விரலில் பை மாட்டுவதை மட்டும் நிறுத்தி, முழங்கை மடிப்பில் தொங்கவிட்டதிலேயே வலி பாதி குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கத்தி, கரண்டி, துடைப்பப் பிடிகளில் ஃபோம் குழாயோ துணியோ சுற்றித் தடிமனாக்குங்கள். பிடி தடித்தால் விரல் முழுதாக மடங்க வேண்டியதில்லை, ஸ்பிளின்ட் இல்லாத நேரத்திலும் பாதி வேலையை அது செய்துவிடும்.

மோட்டார்சைக்கிள் ஓட்டும்போது உள்ளங்கையில் விறைப்பான ஸ்பிளின்ட் வேண்டாம். பிரேக் பிடிக்கும் கை தடுமாறக் கூடாது. கப்சாய் என்னும் சின்ன மோட்டார்சைக்கிளில் கிளட்ச் பிடிக்கும் வேலை இல்லாவிட்டாலும் வலது கை ஒரே இறுக்கத்தில் நிற்கிறது. பாலத்தைத் தாண்டிப் பட்டர்வொர்த் போய்வருபவர்கள் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதெல்லாம் விரல்களை விரித்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பலர் கேட்கத் தயங்குவார்கள். வலது கையில் ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு சோறு பிசைய முடியாது என்பதாலேயே மூன்று வேளையும் கழற்றி, பிறகு போட மறந்து, அந்தச் சிகிச்சையே நின்றுபோகிறது. கரண்டிக்கு மாற வேண்டியதில்லை. கழற்றுங்கள், கையால் சாப்பிடுங்கள், சோறு பிசைவது பெரிய அழுத்தம் இல்லை. கையலம்பித் துடைத்ததும் திரும்பப் போட வேண்டும், அவ்வளவுதான். ஸ்பிளின்டை எப்போதும் கையலம்பும் இடத்திலேயே ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள். சாப்பாட்டு மேசையில் வைத்தால் மறந்துபோகும்.

முழுநேரம் முடியாதவர்கள் இரவும், வேலை இல்லாத நேரமும் போட்டாலும் பலன் உண்டு. கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே.

தோல் அரிக்கிறது, சிவக்கிறது, நாற்றம் வருகிறது

நம் ஊர் புழுக்கத்தில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். வியர்வை பிளாஸ்டிக்குக்கும் தோலுக்கும் நடுவில் அகப்பட்டு, தோல் வெள்ளையாக ஊறிப்போகும், பிறகு உரியும். ஸ்பிளின்டுக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணிக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வைத்து மாற்றி மாற்றித் துவையுங்கள். ஸ்பிளின்டைச் சோப்புப் போட்டுச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். தைலம் தேய்த்த கையோடு ஸ்பிளின்ட் போட வேண்டாம். மூடிய இடத்தில் தைலம் தோலைப் புண்ணாக்கிவிடும்.

கழற்றியதும் தெரியும் சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டால் கவலையில்லை. மறையாமல் ஒரே இடத்தில் நின்றால் அங்கே விளிம்பு அழுத்துகிறது. செய்து தந்தவரிடம் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் தளர்த்தித் தருவார். இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தோல் உடைந்துவிட்டால் ஆறும்வரை ஸ்பிளின்ட் கூடாது.

விரல் மரத்துப்போகிறது, நிறம் மாறுகிறது

உடனே கழற்றுங்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். பட்டையைத் தளர்த்திப் போட்டும் மரத்தால் அந்த ஸ்பிளின்டைப் போடாதீர்கள். விரலில் மோதிரம் இருந்தால் வீக்கம் ஏறுமுன் கழற்றிவிடுங்கள், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்பிளின்ட் உருமாறிவிட்டது

தெர்மோபிளாஸ்டிக் சுமார் 65, 70 டிகிரி சுடுநீரில் இளகும் பொருள். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்தால் போதும், வளைந்துவிடும். கொதிநீர், அயர்ன் பெட்டி, முடி உலர்த்தி எதையும் கொண்டு நீங்களே திருத்த வேண்டாம். கையளவு போய்விட்ட ஸ்பிளின்ட் வேறு மூட்டைப் பிடித்துக்கொண்டு புதுத் தொல்லை தரும்.

மாட்டுவது நின்றுவிட்டது, ஆனால் விரல் விறைத்துப்போய்விட்டது

ஸ்பிளின்டை ஒழுங்காகப் போட்டவர்களுக்குத்தான் இது வரும், அதனால் எனக்கு அவர்கள்மேல் கூடுதல் அக்கறை. விரலுக்கு அசைவு வேண்டும். அசைய வேண்டிய மூட்டை அசைக்காமலே வைத்திருந்தால், நோய் போய் விறைப்பு தங்கிவிடும். நடு மூட்டுதான் மிகச் சீக்கிரம் விறைக்கும், மிகத் தாமதமாகத் திரும்பும்.

அடி மூட்டு ஸ்பிளின்டாக இருந்தால், அதைப் போட்டபடியே கொக்கி மடிப்புச் செய்யுங்கள். அடி மூட்டு நேராக இருக்க, நடு மூட்டையும் நுனியையும் மட்டும் மடக்கி நிமிர்த்துவது. மெதுவாக, பத்துப் பதினைந்து தடவை. காலை, மதியம், மாலை என்று பகலில் சில வேளை செய்யலாம். தசைநாண் உறைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் முழு முஷ்டியின் அழுத்தம் வளையத்தில் விழாது. நடு மூட்டு வளையமாக இருந்தால், நாளைக்கு இரண்டு மூன்று தடவை கழற்றி, மற்றக் கையால் அந்த விரலை வலியில்லாத அளவு மெல்ல மடக்கியும் நிமிர்த்தியும் விடுங்கள். விரல் தானாக இறுக்கி மடங்கக் கூடாது, மற்றக் கைதான் மடக்க வேண்டும்.

ரப்பர் பந்து, கைப்பிடி ஸ்பிரிங் வாங்கிப் பிசைவதை இப்போதே நிறுத்துங்கள். பக்கவாதம் வந்த உறவினருக்குச் சொன்னதைப் பார்த்துவிட்டு, கை வலிக்கும் எல்லோரும் பந்து பிசைகிறார்கள். ட்ரிகர் ஃபிங்கருக்கு அது நேர் எதிரி. வலிக்க வலிக்க உருட்டி உருவிவிடும் வைத்தியமும் அப்படியே. உருண்டை தசைநாணிலேயே இருக்கிறது, நசுக்கிக் கரைக்க முடியாது.

ஒரு விரல் குணமானது, அடுத்த விரல் தொடங்கிவிட்டது

சர்க்கரை அளவைப் பாருங்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ட்ரிகர் ஃபிங்கர் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது, பல விரல்களிலும் இரண்டு கைகளிலும் வருவதும் அவர்களுக்குத்தான். 2019இல் நாடு தழுவி எடுத்த சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அதைவிட மிக அதிகம், ஏறக்குறைய பத்துப் பேரில் மூன்று பேர். நம் வீடுகளில் இந்த விரல் நோய் இவ்வளவு சகஜமாக இருப்பதன் காரணங்களில் இது முக்கியமானது. சோதித்தே பார்க்காதவர்கள் விரலைச் சாக்காக வைத்தாவது ஒரு தடவை இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைவும் முடக்குவாதமும் இருந்தாலும் இப்படி விரல் விரலாகத் தாவும்.

ஆறு வாரம் ஆகிவிட்டது, மாற்றமில்லை

முதலில், ஆறு வாரம் உண்மையிலேயே போட்டீர்களா, சரியான மூட்டில்தான் போட்டீர்களா என்பதை மேலே சொன்ன சோதனையால் உறுதிப்படுத்துங்கள். கொஞ்சமாவது குறைந்திருந்தால் பத்து வாரம்வரை தொடரலாம். துளியும் குறையவில்லை என்றால் தொடர்வதில் அர்த்தமில்லை.

1992இல் வெளியான ஓர் ஆய்வில், அடி மூட்டை 10 முதல் 15 டிகிரியில் பிடிக்கும் ஸ்பிளின்ட் போட்டவர்களில் 66 விழுக்காட்டினருக்கும், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 84 விழுக்காட்டினருக்கும் குணம் கண்டது. ஊசிதான் வலுவானது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மூன்றில் இரண்டு பேருக்கு ஊசியே இல்லாமல் தீர்ந்திருக்கிறது என்பதும் அதே ஆய்வுதான் சொல்கிறது. ஸ்பிளின்ட் யாருக்கு அதிகம் தோற்றது என்றும் அதில் இருக்கிறது: ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தவர்கள், பல விரல்களில் உள்ளவர்கள், கடுமையாக மாட்டுகிறவர்கள். அதனால்தான், இப்போதுதான் தொடங்கியது, எப்போதாவது 'டக்' என்கிறது என்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்கிறேன். ஸ்பிளின்டின் காலம் அதுதான். கையால் பிடித்து நிமிர்த்த வேண்டிய நிலைக்கு வந்து ஒரு வருடம் ஆனவரை ஸ்பிளின்டிலேயே வைத்திருப்பது நல்லதில்லை.

ஊசி போட்டுக்கொள்ளும் இனிப்புநீர்க்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த நாட்களில் வீட்டு மீட்டரில் அடிக்கடி பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் அளவை மாற்ற வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். ஊசியின் பலனும் இவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடையில் வலி மாத்திரையை வாங்கித் தாங்களாகவே விழுங்கக் கூடாது.

ஊசியும் பலிக்காவிட்டால் அந்த முதல் வளையத்தைத் திறந்துவிடும் சிறு அறுவைச் சிகிச்சை. உள்ளங்கையை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வார்கள், அன்றே வீடு திரும்பலாம். பயந்து பயந்து வருடக்கணக்கில் ஒத்திப்போட்டு, நடு மூட்டு நிரந்தரமாக மடங்கிப்போன பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. அப்போது வளையத்தைத் திறந்தாலும் மூட்டு முழுதாக நிமிர்வதில்லை.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டால் பினாங்கு பெரியாஸ்பத்திரியிலோ, கோலாலம்பூர்க்காரர்கள் அங்குள்ள பெரியாஸ்பத்திரியிலோ நிபுணரைப் பார்க்கலாம். ஸ்பிளின்ட் செய்வது பெமுலிஹான் சாரா கெர்ஜா பிரிவு. மலாயில் ஜாரி பிச்சு என்று சொன்னால் தாதிக்கும் உடனே புரியும். காத்திருக்கும் நாள் நீளமாக இருந்தால் அதுவரை நடு மூட்டு வளையம் ஒன்றை வாங்கி இரவில் போடத் தொடங்கலாம், மேலே சொன்ன அளவுச் சோதனையைச் செய்துகொண்டு.

போகும்போது இதுவரை போட்ட ஸ்பிளின்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், வாங்கி வீணானவற்றையும் சேர்த்து. எது எங்கே அழுத்தியது என்று அவற்றைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இனிப்புநீர்ப் புத்தகத்தையும் மாத்திரைப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். விரல் பெரும்பாலும் விடியற்காலையில்தான் மாட்டும், பகல் பதினொரு மணிக்கு மருத்துவர் முன்னால் மடக்கச் சொன்னால் ஒன்றும் ஆகாது. அதனால் காலையில் மாட்டும்போதே வீட்டில் ஒருவரைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். எந்த விரல், எந்த மூட்டு, மற்றக் கையின் உதவி தேவைப்பட்டதா என்பது தெரிகிற மாதிரி பக்கவாட்டிலிருந்து எடுத்தால் போதும்.